மின்வழங்கி மாற்றிய குடாநாடு

பழைய சேவையகக் கணினி ஒன்று திடீரென நின்றுவிட்டால், அதனைத் திறந்து பார்க்கும் தொழில்வல்லார் முதலில் ஐயுறுவது அதன் மூளையை அன்று, அதன் அடுக்களையையே. சேவையகம் என்பது ஒருவர் தம் மேசைமீது வைத்துப் பயன்படுத்தும் கணினியைப் போன்றதன்று. பலருக்கும் வேண்டிய ஏடுகளையும் கணக்குகளையும் தன்னகத்தே வைத்துக்கொண்டு, கேட்டவர்க்குக் கேட்டபொழுது எடுத்துக் கொடுத்து, இரவு பகலாக ஓயாது இயங்கும் பொறி அது. அத்தகைய பொறியின் மூலையில் இரும்புத் தகட்டாலான பெட்டி ஒன்று இருக்கும். அதற்கு மின்வழங்கி என்று பெயர். சுவரிலிருந்து வரும் மின்சாரத்தைக் கணினி அப்படியே உண்ண முடியாது. நெல்லைக் குத்திப் புடைத்து உலையிலிட்டுச் சோறாக்குவது போல, வந்த மின்சாரத்தைப் பக்குவப்படுத்திப் பரிமாறுவதே அப்பெட்டியின் வேலை.

இலங்கையில் வீடுகளுக்கு வருவது 230 வோல்ற் அழுத்தமுள்ள ஆடலோட்ட மின்சாரம். அது வினாடிக்கு ஐம்பது முறை திசைமாறி ஆடுவது. கணினியின் உறுப்புகளோ 12 வோல்ற், 5 வோல்ற், 3.3 வோல்ற் என்ற சிறிய அளவுகளில், ஆடாத நேரோட்டத்தையே கேட்கின்றன. மின்வழங்கி முதலில் ஆட்டத்தை நிறுத்துகின்றது. பின்னர் அழுத்தத்தைக் குறைக்கின்றது. இறுதியில் எஞ்சிய சிற்றலைகளையும் தணித்து அனுப்புகின்றது. சுவர் மின்சாரம் ஒரு கணம் தவறினால், தன்னிடம் சேமித்த மின்னேற்றத்தைக்கொண்டு கணினியை உயிருடன் வைத்திருக்கவும் அது வல்லது. ஆனால் அந்தச் சேமிப்பு எவ்வளவு நேரத்துக்குப் போதும்? ஒரு வினாடியின் ஐம்பதில் ஒரு பங்குக்கே போதும். அதற்குமேல் அதனாலும் இயலாது.

இதனாலேயே சேவையகங்கள் பலவற்றில் மின்வழங்கிகள் இரண்டு வைக்கப்படுகின்றன. ஒன்று பழுதானால் மற்றொன்று முழுச் சுமையையும் தாங்கும். பழுதானதைப் பொறியை நிறுத்தாமலே இழுத்தெடுத்துப் புதியதைச் செருகிவிடலாம். பொறிக்குச் செய்யப்பட்ட இந்த ஏற்பாடு, யாழ்ப்பாணக் குடாநாட்டு மக்களுக்கு நெடுங்காலம் வாய்க்கவில்லை. 1990ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் அவர்களுடைய மின்சாரம் நின்றது. அதன்பின் ஐந்து ஆண்டுகளுக்கு மேலாக அவர்கள் தம் வீட்டிலிருந்த பழைய பொறிகளுக்குத் தாமே மின்வழங்கி செய்துகொள்ள வேண்டியவர்களாயினர். அவற்றுள் முதன்மையான பொறி வானொலிப் பெட்டி.

வானொலிக்கும் மின்சாரக் கம்பிக்கும் உள்ள உறவு தொடக்கத்தில் நெருக்கமானதன்று. கொழும்பில் 1925ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் வானொலி ஒலிபரப்பு முறையாகத் தொடங்கியபோது, இலங்கையின் கிராமங்களுக்கு மின்சாரம் எட்டியிருக்கவில்லை. அக்காலத்து வால்வு வானொலி ஓர் எரியும் விளக்கைப் போன்றது. அதன் கண்ணாடிக் குமிழ்களுள் இழை சூடேறுவதற்கு ஒரு மின்கலமும், ஒலிக்கு வேண்டிய உயர் அழுத்தத்துக்கு வேறொரு மின்கல அடுக்கும் தேவைப்பட்டன. அவற்றை வாங்கிக் கட்டுபடியாக்கக்கூடியவர் சிலரே. ஊரில் ஒரு வீட்டில் வானொலி இருந்தால் மாலைவேளையில் அயலவரெல்லாம் அங்கே கூடியது இதனாலேதான். 1947இல் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் திரான்சிஸ்ரர் கண்டுபிடிக்கப்பட்டது. 1954இல் அதனைக்கொண்டு செய்த சிறு வானொலி விற்பனைக்கு வந்தது. சூடேற வேண்டிய இழை அதில் இல்லை. ரோச் விளக்குக்கு இடும் பற்றரிகள் இரண்டோ நான்கோ போதும். பல நாட்கள் பாடும். வயலில் நீர் இறைப்பவனும் புகையிலைத் தோட்டத்தில் நிற்பவனும் வானொலியைத் தூக்கிச் சென்றது அதன் பிறகே.

இதற்கிடையே கம்பி மின்சாரமும் வளர்ந்தது. யாழ்ப்பாண நகரின் நடுவே, பேருந்து நிலையத்தை அண்டி, மின்சார நிலைய வீதி என்று ஒரு வீதி இன்றும் உண்டு. நகரத்துக்கான மின்சாரத்தை நகரிலேயே உண்டாக்கிய காலத்தின் எச்சம் அந்தப் பெயர். சுன்னாகத்தில் டீசல் இயந்திரங்களைக் கொண்ட மின்நிலையம் எழுந்து, நெடுங்காலம் குடாநாட்டுக்கு ஊட்டியது. தெற்கே மலைநாட்டில், நீர்வீழ்ச்சிகளிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர 1918இலேயே எடுத்துரைத்திருந்தார். அக்கனவு 1950இல் லக்ஷபான நீர்மின் நிலையமாகக் கண்விழித்தது. 1969ஆம் ஆண்டு நவம்பரில் இலங்கை மின்சார சபை நிறுவப்பட்டது. நாளடைவில் மலைநாட்டு நீரின் வலிமை உயரழுத்தக் கம்பி வழியாக வன்னிக் காடுகளைக் கடந்து, ஆனையிறவுக் கழுத்தைத் தாண்டி, சுன்னாகத்துக்கு வந்து சேர்ந்தது.

ஆறில்லாத குடாநாட்டுக்கு இஃது ஒரு பெரும்பேறு. யாழ்ப்பாணத்து உழவன் கிணற்றை நம்பியே வாழ்பவன். துலா மிதித்து இறைத்த தண்ணீரை மின்பம்பி அலுங்காமல் இறைத்துக் கொடுத்தது. ஆயினும், நிலப்படத்தில் ஆனையிறவைப் பார்த்தவர்க்கு ஓர் உண்மை எளிதிற் புலனாகும். குடாநாட்டை இலங்கையின் உடலோடு பிணைக்கும் அந்த ஒடுங்கிய கழுத்து வழியாகவே சாலையும், இருப்புப் பாதையும், மின்கம்பியும் சென்றன. எல்லாவற்றுக்கும் ஒரே வாயில். அவ்வாயில் அடைபட்டால் மாற்று வழி என்பது கடல் ஒன்றே.

1990ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில் அரச படைகளுக்கும் விடுதலைப் புலிகளுக்கும் இடையே போர் மீண்டும் மூண்டது. வாயில் அடைபட்டது. குடாநாட்டின் மின்னிணைப்பு அறுந்தது. அதனோடு அரசு விதித்த பொருளாதாரத் தடையும் சேர்ந்துகொண்டது. தடைசெய்யப்பட்ட பொருள்களின் வரிசையில் பெற்றோல் இருந்தது, சீமெந்து இருந்தது, உரம் இருந்தது. ரோச் விளக்குக்கு இடும் சிறு பற்றரியும் இருந்தது. கம்பி வழி வந்த மின்சாரமும் இல்லை, கடையில் விற்ற மின்சாரமும் இல்லை என்றாயிற்று. மண்ணெண்ணெய் மட்டும் அரிதாகவும் அருவிலையாகவும் கிடைத்தது. அதையும் வாகனக்காரர் பறித்துக்கொண்டனர். சில சொட்டுப் பெற்றோலை ஊற்றி இயந்திரத்தை முடுக்கி, சூடேறியபின் மண்ணெண்ணெயில் ஓட்டிச் செல்லும் வித்தை அக்காலத்தில் வீதிக்கு வீதி தெரிந்த வித்தை. பின்னால் எழுந்த வெண்புகையின் நாற்றமே அந்த ஆண்டுகளின் நாற்றம்.

வீட்டுக்குள் ஜாம் போத்தல் விளக்கு வந்தது. கண்ணாடிப் போத்தலின் அடியில் சிறிதளவு எண்ணெய், அதனுள் பஞ்சுத்திரி, போத்தலின் சுவரே காற்றுக்குத் தடுப்பு. அரிக்கன் லாம்பு ஓரிரவில் குடிக்கும் எண்ணெயைக்கொண்டு பல இரவுகளை ஓட்டக்கூடிய சிக்கனம் அதில் இருந்தது. அவ்வொளியில் மாணவர் படித்துப் பரீட்சை எழுதினர். கடதாசித் தட்டுப்பாட்டினால், கோடிட்ட அப்பியாசக் கொப்பித் தாளிலே நாளிதழ் அச்சான காலமும் அதுவே.

விளக்குக்கு மாற்று கிடைத்தது. வானொலிக்கு? இக்கேள்வியின் கனத்தை இன்று உணர்வது சற்றுக் கடினம். தொலைபேசி இல்லை, கடிதம் எப்போது வரும் என்பது தெரியாது. எந்தப் பகுதியில் சண்டை, எந்த ஊரில் குண்டு வீழ்ந்தது, கிளாலிக் கடல்நீரேரியைப் படகிற் கடக்கலாமா, கூடாதா, பேச்சுவார்த்தை என்று ஏதேனும் உண்டா என்பவையெல்லாம் வெறும் செய்திகளல்ல. நாளைக் காலையில் வீட்டில் இருப்பதா, மூட்டை கட்டுவதா என்பதை முடிவுசெய்யும் தகவல்கள். குடாநாட்டைச் சூழ்ந்த இருளில் அவற்றைக் கொண்டுவந்தது வானலை ஒன்றே. இலண்டனிலிருந்து பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வெரித்தாஸ் தமிழ்ப்பணி, திருச்சி வானொலி, கொழும்பு வானொலி என இரவுதோறும் ஒவ்வொன்றாகத் தேடித் திருப்பி, ஒன்று சொன்னதை மற்றொன்று சொன்னதோடு ஒப்புநோக்கி, இரண்டும் சொல்லாததை ஊகித்து அறிந்தவர்கள் அக்காலத்து நேயர்கள். ஒரு செய்தியை அவ்வளவு நுணுகிக் கேட்ட நேயர்கள் உலகில் வேறெங்கும் இருந்திருப்பார்களா என்பது ஐயமே.

முதலில் மக்கள் பழைய பற்றரிகளுக்கு உயிர்கொடுக்க முயன்றனர். ஓய்ந்த பற்றரியை வெய்யிலிற் காயவைத்தால் உள்ளிருக்கும் இரசாயனப் பொருள் சற்றே தெளிந்து, சிறிது நேரம் மின்சாரம் தரும். முற்றத்து மதிலின்மேல் வடகம் காய்வது போல் பற்றரிகள் காய்ந்தன. மாலையில் அவற்றை இட்டால் செய்தியின் தலைப்புகள் வரை வானொலி பேசும். விவரம் தொடங்கும்போது குரல் தேய்ந்து மறையும். ஒவ்வொரு முறையும் அந்த ஆயுள் குறைந்துகொண்டே வந்தது. அடைக்கப்பட்ட ஊரில் காய்ந்த பற்றரிக்குப் பின் வேறு பற்றரி இல்லை.

அப்போது கைகொடுத்தது துவிச்சக்கரவண்டி. மேடுபள்ளம் இல்லாத சமதரையான யாழ்ப்பாணத்தில் சைக்கிள் இல்லாத வீடு அரிது. அதன் முன்விளக்கை எரிப்பதற்காக, சக்கரத்தின் விளிம்பில் உராய்ந்து சுழலும் சிறு டைனமோ ஒன்று பல வண்டிகளில் பூட்டப்பட்டிருந்தது. காந்தம் கம்பிச்சுருளருகே அசைந்தால் கம்பியில் மின்சாரம் பிறக்கும் என்று மைக்கேல் பரடே 1831இல் கண்டறிந்த விதியின் மிகச் சிறிய குழந்தை அது. குப்பி அளவே உள்ள அக்கருவி 6 வோல்ற் அழுத்தத்தில் 3 வாற் வலுவைத் தரும். ஒரு சாதாரண மின்குமிழுக்கு வேண்டிய 60 வாற்றோடு ஒப்பிட்டால் இருபதில் ஒரு பங்கு. ஆனால் சிறிய திரான்சிஸ்ரர் வானொலிக்கு அது தாராளம். அவ்வானொலி தாழ்ந்த குரலில் பேசும்போது அதிற் பத்தில் ஒரு பங்கும் செலவாவதில்லை.

ஆகவே இரவில் வண்டி தலைகீழாக நிறுத்தப்பட்டது. இருக்கையும் கைபிடியும் நிலத்தில். சக்கரங்கள் வானத்தை நோக்கி. ஒருவர் மிதிகட்டையைக் கையாற் சுற்றுவார். டைனமோவிலிருந்து இரண்டு கம்பிகள் வானொலியின் பற்றரி அறைக்குச் செல்லும். மற்றவர்கள் வானொலியைச் சூழ்ந்திருப்பர். டைனமோவின் ரீங்காரம் செய்தி வாசிப்பவரின் குரலை விழுங்காதிருக்க, கம்பியை நீட்டி வண்டியை விறாந்தையிலோ முற்றத்திலோ வைப்பது நலம்.

இவ்வளவோடு முடிந்திருந்தால் இது வெறும் விளையாட்டு. பழைய சேவையகத்துக்கு வேறொரு மின்வழங்கியைப் பொருத்த முயல்பவரை மறிக்கும் அதே இடர்கள் அந்த முற்றத்திலும் காத்திருந்தன. வடிவம் பொருந்தினாற் போதாது. அழுத்தம் பொருந்த வேண்டும். அழுத்தம் பொருந்தினாற் போதாது. நேர்முனையும் எதிர்முனையும் மாறாதிருக்க வேண்டும். டைனமோ தருவது ஆடலோட்டம். அதற்கு நிலையான நேர்முனை, எதிர்முனை என்பவையே இல்லை. வானொலியோ பற்றரியின் நேரோட்டத்துக்குப் பழகியது. நேரே இணைத்தால் செய்திக்குப் பதிலாகத் தேனீக்கூட்டின் இரைச்சல் கேட்கலாம்; அல்லது பெட்டி நிரந்தரமாக வாய்மூடிவிடலாம்.

இடையே நான்கு டயோட்டுகள் வேண்டும். டயோட் என்பது மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் கதவு. நான்கையும் சதுரமாகக் கோத்தால், எத்திசையில் வந்த ஓட்டமும் ஒரே திசையில் வெளியேறும். அங்கே அழுத்தத்தில் ஏறத்தாழ ஒன்றரை வோல்ற் சுங்கமாகக் கழிந்துவிடும், போகட்டும். வெளியேறும் ஓட்டம் இன்னும் சீரானதன்று. துள்ளித் துள்ளி வரும். அதனைத் தணிக்க ஒரு கொள்ளளவி தேவை. துலாவில் இறைத்த நீர் வாளி வாளியாகத் தொட்டியில் விழுந்தாலும், தொட்டியின் துளைவழி வாய்க்காலுக்கு ஒரே சீராகச் செல்வதில்லையா? கொள்ளளவி அந்தத் தொட்டி. சிற்றலையில் நெடுந்தொலைவிலிருந்து வரும் மெலிந்த குரலைக் கேட்க வேண்டுமானால் இத்தொட்டி பெரிதாக இருத்தல் வேண்டும். இல்லையேல் டைனமோவின் இரைச்சல் அக்குரலை மூடிவிடும்.

இவற்றினும் பொல்லாத இடர் ஒன்று உண்டு. டைனமோவின் 6 வோல்ற் என்பது விளக்கு எரிந்துகொண்டிருக்கும் போது உள்ள கணக்கு. விளக்கைக் கழற்றிவிட்டு மிகச் சிறிதே உண்ணும் வானொலியை மட்டும் இணைத்தால், சுற்றும் வேகத்துக்கேற்ப அழுத்தம் இருமடங்கும் மும்மடங்குமாக ஏறும். ஆர்வமிகுதியால் வேகமாகச் சுற்றிய கையே வானொலியைக் கொன்றுவிடக் கூடும். தெரிந்தவர்கள் முன்விளக்கின் குமிழையும் உடனிணைத்து எரியவிட்டார்கள். மிஞ்சிய மின்சாரத்தை அது விழுங்கிக்கொள்ளும். சுற்றுபவருக்கு வேகத்தை அறிவிக்கும் அளவுகோலாகவும் இருக்கும். குமிழ் மங்கினால் விரைவு வேண்டும். கண்ணைக் கூசினால் நிதானம் வேண்டும். வினாடிக்கு ஒரு சுற்று என்று மிதிகட்டையைச் சுழற்றினால், சக்கரத்தின் விளிம்பு மணிக்குப் பதினெட்டுக் கிலோமீற்றர் அளவில் ஓடும்; டைனமோவின் சிறு தலை நிமிடத்துக்கு நாலாயிரம் தடவைக்கு மேற் சுழலும். அந்த ஒரு சுற்றைச் செய்தி முடியும்வரை கூடாமலும் குறையாமலும் காப்பதே கலை.

இந்த அறிவு எங்கிருந்து வந்தது? பாடநூலிலிருந்தும் வந்தது. குடாநாட்டுப் பள்ளிகளில் பௌதிகம் படித்த மாணவன், பரீட்சைத்தாளில் மட்டுமே வரைந்து பழகிய சீராக்கிச் சுற்றைத் தன் வீட்டு முற்றத்தில் உண்மையாகவே கட்டினான். ஆயினும் பெரும்பங்கு சந்தியில் இருந்த வானொலி திருத்துபவருக்கும் சைக்கிள் கடைக்காரருக்குமே உரியது. மின்சாரம் நின்றதால் ஊமையாகிப்போன தொலைக்காட்சிப் பெட்டிகளுக்குள்ளும் ஒலிப்பதிவுக் கருவிகளுக்குள்ளும் டயோட்டுகளும் கொள்ளளவிகளும் இருந்தன. புதியன வராத ஊரில், ஒன்றின் மரணமே மற்றொன்றின் மருந்து. வரலாற்று நூல்களில் அத்திருத்துநர்களின் பெயர்களைத் தேடினால் கிடைக்கமாட்டா.

இதனை மக்களின் புத்திக்கூர்மைக்குச் சான்றாகக் காட்டிப் புகழ்வோர் பலர். புகழ்ச்சி பொய்யன்று, ஆனால் பாதி உண்மையே. 3 வாற் மின்சாரத்தால் செய்தி கேட்கலாம். கிணற்றில் நீர் இறைக்க முடியாது. ஒரு குதிரைவலுப் பம்பிக்கு ஏறத்தாழ 746 வாற் வேண்டும். அதாவது இருநூற்றைம்பது டைனமோக்கள். தோட்டங்களில் மீண்டும் துலாக்கள் ஏறி இறங்கின. துலாவாற் காக்க முடியாத பயிர்கள் வாடின. தடுப்பூசி மருந்துகளை 2 முதல் 8 பாகை செல்சியசுக்குள் குளிராக வைத்திருக்க வேண்டும். தலைகீழாக நிறுத்திய சைக்கிள் எதனாலும் அதனைச் செய்ய இயலாது. அறுவைச் சிகிச்சைக் கூடத்து விளக்கு மின்பிறப்பாக்கியின் டீசலை எதிர்பார்த்தே எரிந்தது. 1990ஆம் ஆண்டின் பிற்பகுதியில் செஞ்சிலுவைச் சர்வதேசக் குழுவின் முயற்சியால் யாழ்ப்பாண வைத்தியசாலை பாதுகாப்பு வலயமாக ஏற்கப்பட்டிருந்ததனால், அங்கு மருத்துவம் தொடர முடிந்தது. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் கணினி விஞ்ஞானத்தை ஒரு துறையாக வளர்த்ததும் இந்த 1990களிலேதான். கம்பியில் மின்சாரம் இல்லாத நகரில் கணினி கற்பதென்பது, எரிபொருள் உள்ள மணித்தியாலங்களை எண்ணி எண்ணிக் கற்பதாகும்.

சக்கரத்தைச் சுற்றியவர் யார் என்பதையும் கேட்க வேண்டும். பெரும்பாலும் வீட்டுப் பிள்ளைகள். பெரியவர் செவிகொடுக்க, சிறுவர் கைகொடுத்தனர். சுற்றுவதற்கு வேண்டிய வலு அதிகமன்று. ஆனால் நிறுத்தக் கூடாது. கை மாற்றும் கணத்தில் ஒரு சொல் போய்விடும். போன சொல் ஊரின் பெயராகவும் இருக்கலாம்.

1995ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாத இறுதியில், படை நடவடிக்கை யாழ் நகரை நெருங்கியபோது, வலிகாமத்து மக்கள் இலட்சக்கணக்கில் ஓரிரவில் புறப்பட்டுத் தென்மராட்சி நோக்கி நடந்தனர். மழையும் இருளும் நெரிசலுமாயிருந்த அச்சாலையில் துவிச்சக்கரவண்டிகள் சுமை வண்டிகளாயின. கைபிடியில் பானை, பின்னிருக்கையில் முதியோர், நடுவில் மூட்டை. டிசம்பரில் நகரம் படையினர் வசமாயிற்று. 1996ஆம் ஆண்டின் ஏப்ரல், மே மாதங்களில் மக்களிற் பெரும்பகுதியினர் வலிகாமம் திரும்பினர்.

அதன்பின் கம்பியில் மின்சாரம் சிறிது சிறிதாக வந்தது. ஆனால் அது பழைய மின்சாரமன்று. மலைநாட்டு நீருடன் இருந்த இணைப்பு அறுந்தே கிடந்தது. கடல்வழி வந்த டீசலைக்கொண்டு உள்ளூரிலேயே மின்பிறப்பாக்கிகள் ஓடின. 2002இல் போர்நிறுத்தத்தின்போது ஏ-9 நெடுஞ்சாலை திறந்தது; 2006 ஓகஸ்டில் மீண்டும் மூடியது; டீசல் மறுபடியும் கப்பலை எதிர்பார்த்தது. 2009இல் போர் முடிந்த பின்னரே காடுகளினூடே புதிய கோபுரங்கள் எழுந்தன. 2013ஆம் ஆண்டில் சுன்னாகத்தில் உதுரு ஜனனி என்னும் 24 மெகாவாற் மின்நிலையம் இயங்கத் தொடங்கியது. கிளிநொச்சியிலிருந்து சுன்னாகத்துக்கு 132,000 வோல்ற் கம்பி வந்து, குடாநாடு தேசிய மின்வலைப்பின்னலோடு மறுபடியும் இணைந்தது. அறுந்ததிலிருந்து அதற்குள் இருபத்திரண்டு ஆண்டுகளுக்கு மேற் கடந்துவிட்டன.

மாற்று மின்வழங்கிக்கு மக்கள் கொடுத்த விலை காசு மட்டுமன்று. குடாநாட்டின் நிலத்தடி சுண்ணாம்புக்கல்லாலானது. மேலே சிந்துவது கல்லின் வெடிப்புகள் வழியே விரைவில் நிலத்தடி நீரைச் சேரும். சுன்னாகத்தில் இயங்கிய தனியார் மின்நிலையமொன்றின் கழிவெண்ணெய் மண்ணிலிறங்கி, சுற்றுவட்டாரக் கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. கிணற்றை நம்பி வாழும் ஊருக்கு இதனினும் பெரிய தீங்கு எது? வழக்கு உயர் நீதிமன்றம் வரை சென்றது. 2019ஆம் ஆண்டு ஏப்ரலில் நீதிமன்றம் அந்நிறுவனம் இரண்டு கோடி ரூபா இழப்பீடு செலுத்த வேண்டுமெனத் தீர்ப்பளித்தது. ஐந்தாண்டு இருளைத் தாங்கிய கிணறுகள் வெளிச்சத்தால் கெட்டன என்பது அவ்வூராரின் மனக்குறை. அதனைத் தவறென்று சொல்வதற்கில்லை.

2022ஆம் ஆண்டு மார்ச் மாத முடிவில், அந்நியச் செலாவணி இன்றி எரிபொருள் வாங்க முடியாமற்போக, இலங்கை முழுவதிலும் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணித்தியாலம் வரை மின்வெட்டு நேர்ந்தது. கொழும்பு மாநகரம் அன்று கண்ட இருளை யாழ்ப்பாணம் நன்கு அறியும். ஒரு வேறுபாடு மட்டும் உண்டு. அந்த வெட்டுக்கு நேர அட்டவணை இருந்தது.

இன்று யாழ்ப்பாணத்தின் நினைவிற் பெரும்பகுதி கணினிகளில் ஏறியிருக்கின்றது. 1981ஆம் ஆண்டு மே 31ஆம் நாள் இரவிலும் மறுநாளிலும் எரிந்த யாழ்ப்பாணப் பொது நூலகத்தில் ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் அழிந்தன. எஞ்சிய ஊர் நூல்களையும் பழைய இதழ்களையும் மின்னுருவாக்கிக் காக்கும் நூலகம் என்னும் எண்ணிம நூலகம் 2005இல் தொடங்கியது. அப்பியாசக் கொப்பித் தாளில் அச்சான நாளிதழ்களின் காலத்தை அறிய விரும்பும் மாணவன் இனித் தேடிச் செல்வது இத்தகைய சேவையகங்களிடமே. ஆகவே அவற்றின் மூலையிலுள்ள இரும்புப் பெட்டியைப் பற்றி ஒரு சொல்.

அப்பெட்டியில் பெரும்பாலும் முதலிற் பழுதாவது கொள்ளளவி. அதனுள் இருக்கும் திரவம் வெப்பத்தால் நாளடைவில் உலர்ந்துபோகும். வெப்பநிலை பத்துப் பாகை ஏறுந்தோறும் அதன் ஆயுள் ஏறத்தாழப் பாதியாகும் என்பது பொறியியலார் கணக்கு. பங்குனி, சித்திரை மாதங்களின் யாழ்ப்பாண வெய்யிலை எண்ணும்போது இக்கணக்கு கவலை தருவதே. பழைய பொறிக்கு அதே வகைப் பெட்டி கடையிற் கிடைப்பது அரிது. தோற்றத்தில் ஒன்றுபோலிருக்கும் வேறொன்றை வாங்கினால், செருகியின் முனைகளுள் எது 12 வோல்ற், எது 5 வோல்ற் என்று அளந்தறியாமல் இணைக்கலாகாது. மின்தொடர்பை அறுத்த பின்னரும் உள்ளேயிருக்கும் கொள்ளளவி முந்நூறு வோல்ற்றுக்கு மேற்பட்ட ஏற்றத்தைச் சிறிது நேரம் வைத்திருக்கும். கை வைத்தவர் உயிருக்கே இடர். பெட்டியைப் பெட்டியாகவே மாற்றிவிடுவது தகும். பயிற்சியற்றவர் அதனைத் திறந்து பார்ப்பது தகாது.

பெட்டி மாற்றப்பட்டதும் விசிறி சுழலும். நான்கு டயோட்டுகளும் ஒரு கொள்ளளவியும் அன்று முற்றத்தில் செய்த வேலை, இங்கே நூறு உறுப்புகளால் நிகழும். இப்பொழுது கடைக்கு வரும் புதிய துவிச்சக்கரவண்டிகளிற் பெரும்பாலானவற்றில் டைனமோ இல்லை. சிறு பற்றரி விளக்கைத் தனியே வாங்கிக் கைபிடியில் மாட்டிக்கொள்கிறார்கள்.